மறந்து விட்டுச் சென்றவை

ஷ்கோதர்,
7 பிப்ரவரி 2000

கர்னல் எத்தோரே கல்வாஞோ அவர்களுக்கு,

உங்கள் ஓட்டுநர் லுஷ் கையில் கையேடு வருகிறது. எங்கள் நாட்டுப் போலீஸாரைப் புதிதாகப் பழக்குவதற்கென்று ஆறு நாட்டு அதிகாரிகள் கூடி இத்தாலிய மொழியில் எழுதியதை, நீங்கள் கேட்டபடி அல்பேனிய மொழியில் ஆக்கியிருக்கிறேன். ஆளுக்கு ஒரு கை உப்பு போட்ட குழம்பு என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. மூன்றாம் பக்கத்தில் எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை. திருத்திவிட்டேன். கன்னிமாடப் பள்ளியில் எனக்கு இத்தாலிய மொழி கற்பித்த மதர் ஆக்னேசே இருந்திருந்தால், எழுதியவர் எந்தப் பதவியில் இருந்தாலும் முழங்காலில் நிற்க வைத்திருப்பார்.

ஓர் இடம் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். வீட்டைச் சோதனையிடப் போகும் போலீஸ்காரர் 'வாசலில் நின்று மரியாதையாக அனுமதி கேட்க வேண்டும்' என்கிறது நாற்பத்தோராம் பக்கம். என்ன சொல்லிக் கேட்பது என்று அது சொல்லவில்லை. எங்கள் மொழியில் அதற்கு ஒரே வாக்கியம்தான் உண்டு. வெளிவாசலில் நின்று, "வீட்டுக்காரரே, விருந்தாளியை ஏற்பீரா?" என்று குரல் கொடுக்க வேண்டும். அதையே எழுதியிருக்கிறேன். யாரும் மாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவின் தொலைபேசிக் கம்பியைக் கலவரத்தில் அறுத்துப் போனவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை. ஆகவே பதிலைக் கடிதமாக அனுப்புங்கள். மையால் எழுதுங்கள். பென்சிலில் எழுதியதை நான் படிப்பதில்லை.

ஃபிலோமேனா கொதேலி

&nbsp;

திரானா,
16 பிப்ரவரி 2000

திருமதி கொதேலி அவர்களுக்கு,

கையேடு கிடைத்தது. நன்றி. மூன்றாம் பக்கத்தை எழுதியவன் நான்தான். எனக்கு ஏற்கெனவே முழங்கால் வலி உண்டு. மதர் ஆக்னேசே மன்னிக்க வேண்டும்.

அச்சுக்குக் கொடுத்தாயிற்று. முதல் பரீட்சை உங்கள் ஷ்கோதருக்கு மேலே, மலையில் இருக்கும் குரெகுச் நிலையத்தில். மூன்று ஆண்டுகளுக்கு முன் நாடு குலைந்தபோது படைக் கிடங்குகளை உடைத்து மக்கள் எடுத்துப்போன துப்பாக்கிகள் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அவற்றைச் சண்டையில்லாமல் திரும்பப் பெற முடிந்தால் எங்கள் குழு வந்ததற்கு அர்த்தம் உண்டு. முடியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒரு சந்தேகம். வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையை இடவலமாக ஆட்டுகிறார்கள். மறுபடி விளக்குகிறேன். மறுபடி ஆட்டுகிறார்கள். விலங்கு பூட்டுவதை நேற்று நான்கு முறை விளக்கினேன். இவர்கள் மந்தம் என்கிறார் எங்கள் டேனிஷ் அதிகாரி. உங்கள் கருத்து என்ன?

எ. கல்வாஞோ
(மையால்தான் எழுதியிருக்கிறேன்.)

&nbsp;

ஷ்கோதர்,
21 பிப்ரவரி 2000

கர்னல் அவர்களுக்கு,

எங்கள் ஊரில் தலையை இடவலமாக ஆட்டினால் ஆம். மேலும் கீழுமாக அசைத்தால் இல்லை. பிள்ளைகளுக்கு முதல் முறையே புரிந்துவிட்டது. நான்காம் முறை வரைக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்றால், மந்தம் எந்தப் பக்கம் என்பதை டேனிஷ் அதிகாரி மீண்டும் யோசிக்கலாம்.

ஃபி. கொதேலி

&nbsp;

திரானா,
20 மார்ச் 2000

திருமதி கொதேலி அவர்களுக்கு,

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரெகுச் நிலையத்தில் டிலா என்று ஒரு பெண் போலீஸ் இருக்கிறாள். எங்கள் முதல் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். அவளைப் பாஷ்க் ஜோனி என்பவர் வீட்டைச் சோதனையிட அனுப்பினோம். கிடங்கிலிருந்து போன இயந்திரத் துப்பாக்கி ஒன்று அந்த வீட்டில் இருப்பதாகத் தகவல். போனாள். உங்கள் நாற்பத்தோராம் பக்கத்து வாக்கியத்தைச் சொன்னாள். வாருங்கள் என்றார்கள். உடனே இடுப்பிலிருந்த தன் கைத்துப்பாக்கியை அவிழ்த்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிச் சுவரில் மாட்டினார். காப்பி குடித்தாள், ராக்கிச் சாராயம் குடித்தாள், வீட்டாரின் நலம் விசாரித்தாள், மாலையில் துப்பாக்கியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. கொண்டு வந்தது ஒரு பாலாடைக்கட்டி.

அரசு கொடுத்த ஆயுதத்தைச் சந்தேக நபரிடம் ஒப்படைத்த குற்றத்துக்கு எங்கள் குழு ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி அவளை விசாரிக்கிறது. வேலை போய்விடும் போலிருக்கிறது. காரணம் கேட்டால் கையேட்டைக் காட்டுகிறாள்.

தயவுசெய்து ஒரு திருத்தச் சீட்டு எழுதி அனுப்புங்கள். 'போலீஸ், கதவைத் திற' என்று இருந்தால் போதும்.

எ. கல்வாஞோ

&nbsp;

ஷ்கோதர்,
24 மார்ச் 2000

கர்னல் அவர்களுக்கு,

எழுத மாட்டேன்.

அந்த வாக்கியத்தைச் சொன்னவள் விருந்தாளி. விருந்தாளி ஆயுதத்தை வாசலில் வீட்டுக்காரரிடம் கொடுப்பாள். வாங்கி மாட்டியவர் அவள் உயிருக்குப் பொறுப்பு. அன்று மாலை வரை இந்த நாட்டில் அந்தப் பெண்ணைவிடப் பத்திரமாக இருந்த போலீஸ்காரர் யாரும் இல்லை. கொடுக்காமல் உள்ளே போயிருந்தால் அதுதான் அவமரியாதை. உங்கள் கையேடு மரியாதையாகக் கேட்கச் சொன்னது. அவள் கேட்டாள்.

'போலீஸ், கதவைத் திற' என்ற வாக்கியத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. இந்த ஊரில் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். கம்யூனிஸ்ட் ஆட்சியில் என் வீட்டு வாசலில் அதை இரண்டு முறை கேட்டிருக்கிறேன். முதல் முறை புத்தகங்களை எடுத்துப்போனார்கள். இரண்டாம் முறை என் கணவர் காஸ்பரை. அவர் மருந்துக்கடை வைத்திருந்தவர். தொப்பியைக்கூட எடுத்துக்கொள்ள விடவில்லை.

உங்கள் கையேட்டை நான் ஏன் ஏற்றுக்கொண்டேன் என்று நீங்கள் கேட்டதில்லை. இந்த நாட்டுப் போலீஸ்காரர் ஒருவர் வெளிவாசலில் நின்று குரல் கொடுப்பதைச் சாவதற்கு முன் கேட்க வேண்டும் என்பதற்காக. ஒருத்தி கொடுத்துவிட்டாள். அவளை வேலையிலிருந்து நீக்குகிறீர்கள்.

ஜீப்பை அனுப்புங்கள். குரெகுச்சுக்கு நானே போய்ப் பார்க்கிறேன்.

ஃபி. கொதேலி

&nbsp;

திரானா,
1 ஏப்ரல் 2000

திருமதி கொதேலி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 'கதவைத் திற' என்று எழுதச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் என் நிலையையும் பாருங்கள். மேஜையைச் சுற்றி ஆறு நாட்டுக்காரர்கள். ஜெர்மானியர் விதியைக் கேட்கிறார். டேனிஷ்காரர் பலனைக் கேட்கிறார். ஸ்பெயின்காரர் மட்டும், அந்தப் பாலாடைக்கட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார். விருந்தாளி வீட்டைச் சோதனையிட முடியாது என்றால், போலீஸ்காரர் எப்படிப் போலீஸ்காரராக இருப்பது? இருபத்தெட்டாம் தேதிக்குள் குரெகுச்சிலிருந்து துப்பாக்கிகள் வராவிட்டால் டிலாவையும் காப்பாற்ற முடியாது, உங்கள் வாக்கியத்தையும் காப்பாற்ற முடியாது.

வெள்ளிக்கிழமை லுஷ் ஜீப்போடு வருவார். மலைப்பாதை மோசம். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

எ. கல்வாஞோ

&nbsp;

ஷ்கோதர்,
9 ஏப்ரல் 2000

கர்னல் அவர்களுக்கு,

தலையணை வைத்துக்கொள்ளவில்லை. முதுகு நேராகவே இருக்கிறது.

டிலா என்னைப் பாஷ்க் ஜோனி வீட்டுக்கு அழைத்துப்போனாள். கெட்டிக்காரப் பெண். தலைமுடியை மட்டும் இன்னும் இறுக்கிக் கட்டலாம். குரல் கொடுத்தோம், வரவேற்றார்கள். ஆனால் பாஷ்க் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்; நீங்கள் அதை உங்கள் குழுவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

"உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. போலீஸோட மட்டும் எனக்குப் பேச்சு இல்ல."

"ஏன்? உங்க பாலாடைக்கட்டிய இவ குறை சொன்னாளா?" என்றேன்.

"இவ தங்கமான பொண்ணு. இவ ஆபீஸ்தான் கேடு கெட்டது. நம்ம வீட்டுக்கு வந்தவங்க வீட்டுக்குத் திரும்பப் போறது முறையா இல்லியா? போனேன். வாசல்ல நின்னு கூப்பிட்டேன். ஜன்னல் தொறந்துச்சு. மீசைக்காரன் ஒருத்தன் தலைய நீட்டி, மனு எழுதிக் கொண்டாங்கறான். விருந்துக்குப் போறவன் மனு எழுதிட்டா போவான்?"

"அன்னிக்கு நான் ரோந்துல இருந்தேண்ணே," என்றாள் டிலா.

"நீ ரோந்துல இரு, ரோமாபுரியில இரு. தோள்ல துப்பாக்கியோட நிக்கறேன், வாங்கி மாட்ட ஒரு நாதி இல்ல. தூக்கிட்டே திரும்பி வந்தேன். ஊரே பாத்துச்சு."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பாஷ்க், முறையா கூப்பிட்டா துப்பாக்கிய வாசல்ல குடுப்பீங்களா?"

"குடுக்காம? துப்பாக்கியோட உள்ள போக நான் என்ன காட்டானா?"

"எந்தத் துப்பாக்கி?"

சுவரைப் பார்த்தார். இருமினார். "விருந்துக்குப் போறப்ப இருக்கறதுல நல்லதத்தானே எடுத்துட்டுப் போவோம்."

"கிடங்குல இருந்து வந்ததா?"

"அம்மா, நல்லதெல்லாம் அங்கேர்ந்துதான் வந்துச்சு."

"திரும்பும்போது கேட்டு வாங்கிப்பீங்க."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி பேசினாள். "இவரா? போன இடத்துல எல்லாம் குடைய மறந்துட்டு வர்றவரு. கல்யாணத்தன்னிக்கு மோதிரத்தையே மறந்துட்டு வந்தவரு."

பாஷ்க் மனைவியைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் போய் லுஷுக்குக் காப்பி புரையேறியது.

"கையத் தூக்கிட்டுக் குடுத்தாதாம்மா மானக்கேடு," என்றார் பாஷ்க், யோசித்து யோசித்து. "மறந்துட்டு வந்தா என்ன சொல்லப் போறாங்க? வயசாயிடுச்சும்பாங்க."

"ஊர்ல உங்க மாதிரி மறதிக்காரங்க எத்தன பேரு?"

"விசாரிக்கணும்," என்றார். "ஆனா நிறைய இருப்பாங்கன்னு நினைக்கறேன்."

ஆகவே கர்னல், போலீஸ்காரர் எப்படிப் போலீஸ்காரராக இருப்பது என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இது: முதலில் விருந்தாளியாகப் போக வேண்டும், பிறகு விருந்து கொடுக்க வேண்டும். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை குரெகுச் ஊரையே நிலையத்துக்குக் காப்பி குடிக்க அழையுங்கள்.

ஃபி. கொதேலி

&nbsp;

திரானா,
14 ஏப்ரல் 2000

திருமதி கொதேலி அவர்களுக்கு,

படித்துக் காட்டினேன். மோதிரம் வந்த இடத்தில் ஜெர்மானியரே சிரித்துவிட்டார். பிறகு வாக்கெடுத்தோம். மூன்றுக்கு மூன்று. எதிர்த்தவர்கள் முட்டாள்கள் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கியோடு கூட்டமாக வந்தவர்கள்தான் அந்த நிலையத்தை எரித்தார்கள். சுவரில் கரி இன்னும் போகவில்லை. அதே கூட்டத்தை அதே துப்பாக்கிகளோடு உள்ளே அழைக்கச் சொல்கிறீர்கள்.

தலைவன் என்ற முறையில் முடிவு என் கையில் வந்தது. கையொப்பமிட்டுவிட்டேன். நானே போய் வாசலில் நிற்கப் போகிறேன். தவறினால் டிலாவோடு நானும் வீட்டுக்குப் போவேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

எ. கல்வாஞோ

&nbsp;

ஷ்கோதர்,
17 ஏப்ரல் 2000

கர்னல் அவர்களுக்கு,

முதலில், உங்கள் இடுப்பில் ஆயுதம் இருக்கக் கூடாது. வீட்டுக்காரர் தன் வாசலில் ஆயுதத்தோடு நிற்பதில்லை. அந்த மீசைக்காரரே காப்பி கொடுக்கட்டும். ராக்கியைச் சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள், தேநீர்க் கோப்பையில் அல்ல. நாற்காலி போதாவிட்டால் தேவாலயத்தில் பெஞ்சு கேளுங்கள். சுவர் நிறைய ஆணி அடித்து வையுங்கள். ஆணி கோணலாக இருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் கேட்டதும் நீங்கள் சொல்ல வேண்டிய பதில்: "கடவுள் உங்களைக் கொண்டுவந்தது நல்லதாயிற்று." மனப்பாடம் செய்யுங்கள். தினமும் லுஷிடம் ஒப்பியுங்கள்.

துணிவான கையொப்பம். இதை நான் இன்னொரு முறை சொல்ல மாட்டேன்.

ஃபி. கொதேலி

&nbsp;

திரானா,
29 ஏப்ரல் 2000

மதிப்புக்குரிய திருமதி ஃபிலோமேனா,

திங்கட்கிழமை காலை ஆயுதம் இல்லாமல் நிலைய வாசலில் நின்றேன். பின்னால் டிலா. அவளுக்குப் பின்னால் மீசைக்காரர், காப்பித் தட்டோடு. எங்கள் குழுவில் மற்றவர்கள் உள்ளே இருந்தார்கள். தேவாலய மணி ஓய்ந்ததும் சரிவில் ஆட்கள் ஏறி வந்தார்கள். சலவைச் சட்டை, தோளில் துப்பாக்கி. எண்ணவில்லை, எண்ணினால் பயம் வரும் என்று விட்டுவிட்டேன். முன்னால் பாஷ்க். அவருக்குப் பின்னால் ஒரு கழுதை, அதன் முதுகில் போர்வை போர்த்திய ஏதோ ஒன்று.

பாஷ்க் நின்றார். முறைப்படி குரல் கொடுத்தார்.

தினமும் லுஷிடம் ஒப்பித்த பதில் அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று. இத்தாலியின் பீட்மாண்டில் பிறந்தவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். நன்றாகப் புன்னகைத்து, தலையை மேலும் கீழுமாக ஆட்டினேன். புரியாமல் போய்விடப் போகிறதே என்று மூன்று முறை ஆட்டினேன்.

பாஷ்க்கின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒருவர், "பாத்தியா? வரச் சொல்லிட்டு, வந்தா வேணாங்கறான். பல்ல வேற காட்றான்," என்றார். கொடுப்பதற்காகக் கழற்றிய துப்பாக்கிகளை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு எல்லோரும் திரும்பினார்கள். கழுதையையும் திருப்பினார்கள். எனக்கு அப்போதும் புரியவில்லை. டிலா என் முதுகில் குத்தினாள்.

"சார், தலை. தலைய மாத்தி ஆட்டுங்க."

ஆட்டினேன். நனைந்த நாய் உதறுவதுபோல இடமும் வலமும் ஆட்டினேன். தொப்பி பறந்து போய்ப் பாஷ்க்கின் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்தார், தூசி தட்டினார், என்னைப் பார்த்தார், பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார்.

"இவரு ஊர்ல ஆமான்னா இவ்ளோ ஆமா போலருக்குடா," என்றார்.

மலையே சிரித்தது. அவர் ஒரு கையால் என் தொப்பியையும் மறு கையால் தன் துப்பாக்கியையும் என்னிடம் நீட்டினார். அதற்குப் பிறகுதான் அந்தப் பதில் வெளியே வந்தது. கடவுள் அவர்களைக் கொண்டுவந்தது நல்லதாயிற்று என்று நான் சொன்னபோது, அதைப் போல உண்மையான வார்த்தையை எந்த மொழியிலும் நான் சொன்னதில்லை.

ஆணிகள் போதவில்லை. ஜெர்மானியர் சட்டையைக் கழற்றிவிட்டு மேலும் அடித்தார், அளவுகோல் வைத்து. போர்வைக்குள் இருந்தது அந்த இயந்திரத் துப்பாக்கிதான். அதை எந்த ஆணியும் தாங்காது என்று மூலையில் உட்காரவைத்தோம். ஈஸ்டருக்கென்று சாயமிட்ட சிவப்பு முட்டைகளை மோதி விளையாடியதில் டேனிஷ்காரர் எல்லோரிடமும் தோற்றார். பாஷ்க் மீசைக்காரரிடம், "மனு கொண்டாந்திருக்கேன், படிக்கிறீங்களா?" என்று கேட்டு அவரை நாள் முழுக்க ஓட்டினார்.

புறப்படும்போது எல்லோரும் மறந்தார்கள். ஒரே ஒரு கிழவர் மட்டும் ஆணியிலிருந்து தம்முடையதை எடுக்கப் போனார். அவர் மனைவி கையைப் பிடித்தாள்.

"நீ மறந்துட்ட."

"நான் எங்க மறந்தேன்? இதோ தொங்குதே."

"மறந்துட்டன்னு சொல்றேன்ல. நட."

நேற்று விசாரணை. எங்கள் படிவத்தில் 'கைப்பற்றியவை', 'ஒப்படைத்தவை' என்று இரண்டு பத்திகள்தான் உண்டு. குரெகுச் துப்பாக்கிகள் எதிலும் அடங்கவில்லை. ஜெர்மானியர் கோடு போட்டு மூன்றாவது பத்தி ஒன்றை வரைந்து, தம் கையாலேயே தலைப்பு எழுதினார்: 'மறந்து விட்டுச் சென்றவை'. டிலா மீது குற்றம் இல்லை. நாற்பத்தோராம் பக்கம் அப்படியே நிற்கும். எல்லா நிலையங்களிலும் ஆணி அடிக்கச் சொல்லி உத்தரவு போகிறது. ஆணி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று ஆறு நாடுகளும் இப்போது சண்டை போடுகின்றன.

எத்தோரே கல்வாஞோ

&nbsp;

ஷ்கோதர்,
4 மே 2000

மதிப்புக்குரிய கர்னல் எத்தோரே,

தலையாட்டலைப் பற்றி பிப்ரவரியிலேயே தெளிவாக எழுதியிருந்தேன்.

அதைச் சொல்லியாயிற்று. இனி மற்றது. உங்கள் கடிதத்தை எதிர்வீட்டு மார்த்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கழுதையைத் திருப்பிய இடம் வந்தபோது இருவராலும் மேலே படிக்க முடியவில்லை. இந்த வீட்டில் அவ்வளவு சத்தமாகச் சிரித்து வெகு காலம் ஆகிறது. கன்னிமாடத்தில் அப்படிச் சிரித்திருந்தால் இரவுச் சாப்பாடு கிடைத்திருக்காது.

நேற்று டிலா வந்தாள். வெளிவாசலில் நின்று குரல் கொடுத்தாள். சீருடையில். நான் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். தலைமுடியையும் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

ஒன்று கவனித்தேன். இத்தனை நாளும் லுஷை அனுப்புகிறீர்கள். நீங்கள் வந்ததில்லை.

ஃபிலோமேனா

&nbsp;

திரானா,
30 மே 2000

அன்புள்ள ஃபிலோமேனா,

இந்த ஆண்டுக்கான பணி ஜூனில் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கும் இருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. ஜூன் ஒன்பதாம் தேதி ஷ்கோதர் வருகிறேன். வாக்கியத்தைப் பழகிக்கொண்டிருக்கிறேன். லுஷ் காதைப் பொத்திக்கொள்கிறார்.

எத்தோரே

&nbsp;

ஷ்கோதர்,
12 ஜூன் 2000

அன்புள்ள எத்தோரே,

லுஷ் காதைப் பொத்தியது நியாயம். 'விருந்தாளியை ஏற்பீரா' என்று கேட்பதற்குப் பதிலாக 'விருந்தாளியை விற்பீரா' என்று தெருவே கேட்கக் கத்தினீர்கள். நேற்று திருப்பலி முடிந்ததும் மார்த்தா வந்து, என்ன விலைக்குப் போகிறார் என்று விசாரித்தாள். விற்பனைக்கு இல்லை என்றேன்.

கத்தரிக்காயை நீங்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைக் குறித்துக்கொண்டேன். இலக்கணம் பற்றிய உங்கள் வாதத்தில் நியாயம் இல்லை. மூன்றாம் பக்கத்தில் பிழை பிழைதான்.

நீங்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவிவிட்டு வெளியே வந்தேன். வாசல் பக்கத்து ஆணியில் உங்கள் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. அது காஸ்பரின் ஆணி. அவருக்குப் பிறகு அதில் நான் எதையும் மாட்டியதில்லை. உங்களிடம் அதை வாங்கியபோது என் கை தானாக அங்கே போய்விட்டது. காஸ்பர் வருத்தப்பட மாட்டார். வெறும் ஆணியைப் பார்க்க அவருக்கும் பிடிக்காது.

படி இறங்குவதற்கு முன் நீங்கள் அந்தத் தொப்பியைத் திரும்பிப் பார்த்தீர்கள். எனக்கு எழுபத்தோரு வயது. கண் நன்றாகத் தெரிகிறது.

அதை லுஷ் கையில் கொடுத்து அனுப்ப மாட்டேன். மறந்து விட்டுச் சென்றதை, மறந்தவரே வந்துதான் எடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு பற்றி அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் என்னைக் கேட்கவில்லை. கேட்பதாக இருந்தால், வெளிவாசலில் நின்று முறைப்படி கேளுங்கள். பிழையோடு கேட்டாலும் சரி. நான் வாய் திறந்து பதில் சொல்ல மாட்டேன். தலையைத்தான் ஆட்டுவேன். எந்தப் பக்கம் ஆட்டினால் என்ன அர்த்தம் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஃபிலோமேனா